குத்துச்சண்டைக்கு இனி எதிர்காலம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டை பிடிக்கும் என்று சொன்னால் பலரும் முதலில் கேட்பது, "அதெல்லாம் இன்னுமா நடக்குது?" என்றுதான். அடுத்த கேள்வி, "மூளைக்கு ஆகாதே, அதைப் போய் ரசிக்கலாமா?" இரண்டுமே நியாயமான கேள்விகள். கூடவே வரும் மற்ற கேள்விகளையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

குத்துச்சண்டை செத்துக்கொண்டிருக்கிறதா?

இல்லை. 2024 நவம்பர் 15 அன்று டெக்சாஸில் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் மைக் டைசனும் யூடியூபர் ஜேக் பாலும் மோதியதை நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் காட்டியது. உலகம் முழுக்க 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்ததாக அந்த நிறுவனம் கணக்குச் சொன்னது. 2025 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் டெரன்ஸ் கிராஃபோர்டும் கனேலோ ஆல்வரெஸும் மோதியபோது அரங்கில் மட்டும் 70,000 பேர். 2024 மே மாதம் ஜப்பானின் நவோயா இனோவே மோதியதைப் பார்க்க டோக்கியோ டோமில் 40,000 பேருக்கு மேல் கூடினார்கள். சாகப்போகும் விளையாட்டுக்கு இவ்வளவு கூட்டம் வராது.

ஆனால் இந்தக் கூட்டம் திருவிழாக் கூட்டம். தேரோடும் நாளில் ஊரே திரளுகிறது. மற்ற நாளில் கோயிலில் விளக்கேற்றக்கூட ஆள் இல்லை. குத்துச்சண்டை இன்று அந்த நிலையில்தான் இருக்கிறது. வாராவாரம் பார்க்கும் பழக்கம் பல நாடுகளில் விட்டுப்போய்விட்டது. அந்தப் பழக்கம் திரும்புமா என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

முன்பு அப்படி என்ன பெரிதாக இருந்தது?

அமெரிக்காவில் தொலைக்காட்சி பரவிய முதல் ஆண்டுகளில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் குத்துச்சண்டைதான். ஜில்லெட் நிறுவனத்தின் விளம்பர ஆதரவில் 1960 வரை என்பிசி அதை வாரம் தவறாமல் ஒளிபரப்பியது. காசு கட்டத் தேவையில்லை. பெட்டியைப் போட்டால் போதும். ஹெவிவெயிட் எனும் அதிக எடைப் பிரிவின் சாம்பியன் யார் என்பது விளையாட்டே பார்க்காதவர்களுக்கும் தெரிந்திருந்தது.

பிரிட்டனில் இது இன்னும் பின்னால் வரை நீடித்தது. 1993 அக்டோபரில் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் கிறிஸ் யூபாங்கும் நைஜல் பென்னும் மோதியதை இலவசச் சேனலான ஐடிவியில் சுமார் 1.6 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்.

நம் பக்கமும் அந்த அலை வந்தது. 1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆர். அங்கே இருந்தார். ஓய்வுபெறும் நிலையில் இருந்த ஒரு குத்துச்சண்டை வீரரைப் பார்க்க ஸ்டேடியம் நிறைந்தது. இன்று உலகத்தின் சிறந்த குத்துச்சண்டை வீரர் சென்னை விமான நிலையத்தில் இறங்கி நடந்துபோனால் எத்தனை பேர் அடையாளம் கண்டுகொள்வார்கள்?

அப்படியானால் எங்கே சறுக்கியது?

குத்துச்சண்டையைப் பூட்டி வைத்ததில்தான் என்பேன். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய மோதல்கள் மெல்ல மெல்லக் கட்டணச் சேனல்களுக்குப் போயின. அங்கிருந்து, ஒரே ஒரு இரவுக்குத் தனியாகக் காசு கட்டும் பே-பர்-வியூ முறைக்குப் போயின. 2015 மே 2 அன்று ஃபிளாய்ட் மேவெதரும் மேனி பாக்கியாவும் மோதியதை வீட்டில் பார்க்க அமெரிக்காவில் ஏறக்குறைய 100 டாலர் கட்டணம். அப்போதைய கணக்கில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். 46 லட்சம் வீடுகள் அதைக் கட்டின. வசூலில் அது சாதனை.

வீரருக்கும், போட்டியை ஏற்பாடு செய்யும் புரமோட்டருக்கும் இது லாபமான கணக்கு. ஒவ்வொரு விற்பனையிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் அந்த 46 லட்சம் வீடுகளுக்கு வெளியே இருந்த பத்து வயதுப் பையன் அன்று இரவு எதையும் பார்க்கவில்லை. கூடைப்பந்தையோ கால்பந்தையோ பார்த்து வளர்ந்தான். இன்று அவனுக்கு இருபது வயது தாண்டிவிட்டது. அவனுக்குக் குத்துச்சண்டை என்றால் தாத்தா பேசுகிற விஷயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேவெதர்–பாக்கியா மோதல் பற்றிய பேச்சு 2009இலேயே தொடங்கிவிட்டது. நடந்தபோது ஒருவருக்கு 38 வயது, மற்றவருக்கு 36. புரமோட்டர்களும் சேனல்களும் ஆறு வருடம் இழுத்தடித்து, இருவரும் உச்சத்தைத் தாண்டிய பிறகுதான் ரிங்கில் ஏற்றினார்கள். காசு கட்டிய பலர் சண்டை முடிந்ததும் ஏமாந்துபோனார்கள். பழம் அழுகிய பிறகு பந்தி வைத்தால் யார்தான் ருசித்துச் சாப்பிடுவார்கள்?

அப்புறம், நாற்பத்தைந்து வருடம் குத்துச்சண்டை காட்டிய அமெரிக்கக் கட்டணச் சேனல் ஹெச்பிஓ 2018இல் அதை நிறுத்திக்கொண்டது. ஷோடைம் 2023 கடைசியில் விளையாட்டுப் பிரிவையே மூடியது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் மெக்சிகோ. அங்கே சனிக்கிழமை இரவுகளில் இலவசச் சேனல்களில் குத்துச்சண்டை வருகிறது. மற்ற நாடுகளில் காசு கட்டிப் பார்க்க வேண்டிய கனேலோ ஆல்வரெஸின் சண்டைகளைக்கூட அங்கே டிவி அஸ்டெகாவில் குடும்பமே உட்கார்ந்து பார்த்திருக்கிறது. அந்த நாட்டில் குத்துச்சண்டை அழிகிறதா என்று யாரும் கேட்பதில்லை.

ஒரே எடைப் பிரிவில் நான்கு உலக சாம்பியன்கள் இருப்பது எப்படி?

தொழில்முறைக் குத்துச்சண்டையில் பட்டம் கொடுக்கும் பெரிய அமைப்புகள் நான்கு: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. எடைப் பிரிவுகள் 17. பெருக்கிப் பாருங்கள். இதற்கு மேல் 'இடைக்கால' சாம்பியன் என்று வேறு ஒரு பட்டம் உண்டு. ஒவ்வொரு பட்டப் போட்டிக்கும் அமைப்புக்குக் கட்டணம் கிடைக்கிறது. அதனால் பட்டங்கள் குறைவதில்லை.

புதிதாக வருபவரை விரட்டுவது இதுதான். கிரிக்கெட் உலகக் கோப்பையை வென்றது யார் என்று கேட்டால் ஒரே பதில். குத்துச்சண்டையில் "எந்த பெல்ட்டைக் கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. 1999இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் ஒரே ஒரு சாம்பியன் என்று சொல்ல 2024 மே வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ரியாத்தில் டைசன் ஃபியூரியை வென்று உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக் நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். சில வாரங்களிலேயே அதில் ஒன்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டிவந்தது. 2025 ஜூலையில் வெம்ப்ளியில் டேனியல் டுபாவை வீழ்த்தி மறுபடி சேர்த்தார்.

சவூதிப் பணம் நல்லதா, கெட்டதா?

ரசிகனுக்கு இதுவரை நல்லதே நடந்திருக்கிறது. பல வருடமாக நடக்காமல் இருந்த மோதல்களை, இரு தரப்புக்கும் போதிய பணம் கொடுத்து சவூதி அரசின் பொழுதுபோக்கு ஆணையத் தலைவர் துர்க்கி அலல்ஷிக் நடத்திக் காட்டினார். ஃபியூரி–உசிக் அப்படி வந்ததுதான்.

என் கவலை வேறு. ஓர் அரசின் கஜானாவை நம்பி நிற்கும் விளையாட்டுக்குச் சொந்தக் கால் வலுப்பதில்லை. நாளை அவர்கள் கவனம் வேறு பக்கம் திரும்பினால், ஊதிப் பெருத்த சம்பளத்தை யார் கொடுப்பார்கள்? மனித உரிமைகள் விஷயத்தில் அந்த நாட்டின் மீது இருக்கும் விமர்சனத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கும் உரிமை பார்வையாளனுக்கு உண்டு.

யூடியூபர்கள் ரிங்கில் ஏறுவது விளையாட்டைக் கேவலப்படுத்தவில்லையா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது பாதிதான் நினைக்கிறேன்.

58 வயது டைசனை ரிங்கில் ஏற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வயதில் தலையில் அடி வாங்க யாரையும் அனுமதிக்கக் கூடாது. ஆனால் அதே நிகழ்ச்சியில் கேட்டி டெய்லரும் அமாண்டா செரானோவும் மோதினார்கள். டைசனுக்காகத் திரையைத் திறந்த கோடிக்கணக்கானவர்கள், அது வரைக்கும் பெயரே கேட்டிராத இரண்டு பெண்கள் பத்து ரவுண்டும் விட்டுக்கொடுக்காமல் அடித்துக்கொள்வதைப் பார்த்தார்கள். கூட்டத்தை இழுத்தது டைசன்–யூடியூபர் மோதல்; கூட்டம் பேசிக்கொண்டு போனது அந்தப் பெண்களைப் பற்றி.

2025 டிசம்பரில் ஜேக் பால், முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஆண்டனி ஜோஷுவாவுடன் மோதி ஆறாவது ரவுண்டில் நாக்-அவுட் ஆனார். தாடை எலும்பு முறிந்தது. தேர்ந்த வீரருக்கும் மற்றவருக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது எல்லோருக்கும் புரிந்தது. இனி இப்படிப்பட்ட பொருத்தமில்லாத மோதலுக்கு ஆணையங்கள் அனுமதி கொடுக்காமல் இருப்பதே சரி.

எம்எம்ஏ வந்தபின் குத்துச்சண்டை எதற்கு?

எம்எம்ஏ என்பது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை. இரண்டும் வேறு வேறு கலைகள். கால் உதையும் மல்யுத்தமும் இல்லாமல், இரண்டு கையையும் காலடியையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் இவ்வளவு நுணுக்கம் காட்ட முடியுமா என்ற வியப்பு குத்துச்சண்டையில் மட்டும்தான் கிடைக்கும்.

ஆனால் எம்எம்ஏ போட்டிகளை நடத்தும் யூஎஃப்சி நிறுவனத்திடம் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. ஒரே அமைப்பு, பிரிவுக்கு ஒரே சாம்பியன், ஏறக்குறைய வாராவாரம் நிகழ்ச்சி. 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட் ஊடக நிறுவனத்துடன் ஏழு வருடத்துக்கு 770 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, 2026 முதல் அமெரிக்காவில் பே-பர்-வியூவையே கைவிட்டார்கள். மாதச் சந்தா கட்டியவருக்கு எல்லாமே கிடைக்கும். அதே குழு ஸுஃபா பாக்ஸிங் என்ற பெயரில் குத்துச்சண்டைக்கும் வந்திருக்கிறது.

இதில் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வந்த முகமது அலி சட்டம், வருமானக் கணக்கை வீரரிடம் புரமோட்டர் காட்ட வேண்டும் என்கிறது. எம்எம்ஏவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரே முதலாளியின் கையில் எல்லாம் போனால் பார்வையாளனுக்குத் தெளிவு கிடைக்கும். வீரனின் பங்கு குறைந்துவிடக்கூடும். அடி வாங்குபவனுக்குச் சேர வேண்டியது சேராத ஏற்பாட்டை நான் வரவேற்க மாட்டேன்.

ஒலிம்பிக்கில் இருக்குமா?

இருக்கும். ஆனால் நூலிழையில் தப்பியது.

1904இல் ஒலிம்பிக்கில் நுழைந்த குத்துச்சண்டை, 1912 தவிர ஒவ்வொரு முறையும் இருந்திருக்கிறது. 2016 ரியோவில் தீர்ப்புகள் மீது பெரும் புகார் எழுந்தது. அயர்லாந்தின் மைக்கேல் கான்லன் தோற்றதாக அறிவித்ததும் ரிங்கிலேயே நடுவர்களைப் பார்த்து விரலை உயர்த்திக் காட்டியது பலருக்கு நினைவிருக்கலாம். பிறகு ரிச்சர்ட் மெக்லாரன் நடத்திய விசாரணை, போட்டி முடிவுகளைத் திரிக்கும் ஏற்பாடு அங்கே இருந்ததாக 2021இல் சொன்னது. அந்த இளைஞனின் கோபம் நியாயமானது.

சர்வதேசக் கூட்டமைப்பை ஒலிம்பிக் கமிட்டி 2019இல் இடைநீக்கம் செய்தது. 2023 ஜூனில் அங்கீகாரத்தையே பறித்தது. டோக்கியோ, பாரிஸ் இரண்டு போட்டிகளையும் கமிட்டியே நேரடியாக நடத்தியது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸின் முதல் பட்டியலில் குத்துச்சண்டை இல்லை. இதற்கிடையே 2023இல் தொடங்கிய வேர்ல்ட் பாக்ஸிங் என்ற புதிய அமைப்பில் நாடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. அதற்கு 2025 பிப்ரவரியில் தற்காலிக அங்கீகாரம், மார்ச்சில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு அனுமதி. இப்போது அதன் தலைவர் கசகஸ்தானின் ஜென்னடி கோலோவ்கின். ஒலிம்பிக் வெள்ளியும் தொழில்முறைப் பட்டமும் இரண்டும் பெற்றவர்.

ஒலிம்பிக் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், உலகில் பெரும்பாலான ஏழை நாடுகளில் பயிற்சிக்கூடம் நடப்பதே அரசுப் பணத்தில்தான். ஒலிம்பிக் இல்லை என்றால் அரசுப் பணம் இல்லை. அரசுப் பணம் இல்லை என்றால் கிளவுஸ் இல்லை, கோச் இல்லை, பிள்ளைகள் இல்லை.

மூளைக்கு வரும் பாதிப்பு? இதைச் சொல்லாமல் எதிர்காலம் பேசலாமா?

பேசக் கூடாது.

அடி வாங்கி வாங்கி நடை தடுமாறி, பேச்சு குழறும் வீரர்களைப் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் 1928லேயே எழுதிவிட்டார். ஏறக்குறைய நூறு வருடமாகத் தெரிந்த விஷயம் இது. 1982இல் ரே மான்சினியுடன் மோதிய தென்கொரியாவின் கிம் டக்-கூ இறந்த பிறகுதான் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12ஆகக் குறைந்தன. 2025 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோவின் கொராக்குவென் ஹாலில் ஒரே நிகழ்ச்சியில் மோதிய இரண்டு வீரர்கள், அடுத்தடுத்த நாளில் மூளைக் காயத்தால் இறந்தார்கள். ஜப்பான் குத்துச்சண்டை ஆணையம் ஆசிய-பசிபிக் பட்டப் போட்டிகளை 12 ரவுண்டிலிருந்து 10ஆகக் குறைத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் உயிர் விலையாகிறது. இதை எழுதும்போது எனக்குக் கை கனக்கிறது.

பலரும் கவனிக்காத ஒன்று, எடை குறைப்பு. போட்டிக்கு முந்தைய நாள் எடை காட்டுவதற்காக உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவிடுகிறார்கள். ஒரே நாளில் சாப்பிட்டுக் குடித்துத் தேறிவிடலாம் என்பது நம்பிக்கை. ஆனால் நீர் வற்றிய நிலையில் தலையில் விழும் அடி இன்னும் ஆபத்தானது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். இன்னொன்று ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. ஒரு வீரர் வாங்கும் அடிகளில் பெரும்பகுதி கேமரா இல்லாத பயிற்சிக்கூடத்தில்தான் விழுகிறது. தலைக்கவசம் போட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும். உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஆண்களின் அமெச்சூர் போட்டிகளில் 2013இலேயே அதை எடுத்துவிட்டார்கள்.

தடை செய்துவிடலாமே என்பார்கள். நார்வே 1981இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்து 2014இல் நீக்கியது. தடை போட்ட காலத்திலும் அந்நாட்டு வீரர்கள் வெளிநாடு போய் மோதினார்கள். தடையைவிடக் கண்டிப்பான மருத்துவச் சோதனை, குறைந்த ரவுண்டு, துண்டை எறிந்து சண்டையை நிறுத்தத் தயங்காத கோச் இவை உயிரைக் காக்கும் என்று நம்புகிறேன். இதைச் செய்யாவிட்டால் பெற்றோர் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள்; அவர்கள் அனுப்பாதது சரியாகவும் இருக்கும்.

பெண்கள் குத்துச்சண்டை உண்மையிலேயே வளர்கிறதா?

வேகமாக. 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலில் அனுமதித்தார்கள்: மூன்று எடைப் பிரிவு, 36 பேர். 2028இல் ஆணுக்கு ஏழு, பெண்ணுக்கு ஏழு. பத்து வருடத்துக்கு முன் பெண்கள் போட்டியை அரங்கம் நிரம்புவதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். 2022 ஏப்ரலில் டெய்லரும் செரானோவும் மேடிசன் ஸ்கொயர் கார்டனின் பிரதான மோதலாக நின்றார்கள். அங்கே பெண்கள் அப்படி நின்றது அதுவே முதல் முறை. 2025 ஜூலையில் அதே அரங்கில் மூன்றாவது முறை மோதியபோது, நிகழ்ச்சி முழுக்கவே பெண்கள்தான்.

இந்தியாவின் நிலை?

மேரி கோம் ஆறு உலகப் பட்டம் வென்றார். விஜேந்தர் சிங் 2008இல் கொண்டுவந்த ஒலிம்பிக் வெண்கலத்துக்குப் பிறகு ஹரியானாவின் பிவானிப் பக்கம் தெருவுக்குத் தெரு கிளவுஸ் மாட்டினார்கள். நிகத் ஸரீன், லவ்லினா போர்கோஹைன் என்று வரிசை நீளுகிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு பதக்கமும் இல்லை; ஆனால் 2025 செப்டம்பரில் லிவர்பூலில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஜாஸ்மின் லம்போரியாவும் மீனாட்சி ஹூடாவும் தங்கம் வென்றார்கள்.

பதக்கம் வருகிறது, பார்வையாளர் வரவில்லை. தேசிய சாம்பியன்ஷிப் எப்போது நடக்கிறது, எதில் பார்ப்பது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கபடி நம் கண்ணெதிரே மாறியது. 2014இல் லீக்காகி, மாலை நேரத்தில் டிவியில் வர ஆரம்பித்ததும், வீரர்களின் பெயர்கள் வீட்டுக்கு வீடு தெரிந்தவையாகிவிட்டன. குத்துச்சண்டைக்கு அந்த இடம் இன்னும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டில்?

வடசென்னைக்கு இது பரம்பரைச் சொத்து. துறைமுகத்தை ஒட்டிய பகுதிகளில் 'ஆங்கிலக் குத்துச்சண்டை' வேரூன்றி, சார்பட்டா, இடியாப்பம் என்று பரம்பரைகளாகப் பிரிந்து மோதினார்கள். மீன்பிடித் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் ஹீரோவாக நின்ற ரிங் அது. பின்னாளில் சென்னையின் வி. தேவராஜன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடினார். 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வென்றார். அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாதது பிள்ளைகளின் குற்றமில்லை.

என் பிள்ளையைச் சேர்க்கலாமா?

பயிற்சிக்குச் சேர்க்கலாம். கயிறு தாண்டுதல், காலடி, நிழல் சண்டை, பஞ்சிங் பேக் இவற்றில் தலைக்கு அடியே கிடையாது; உடம்பும் மனசும் உறுதிப்படும். சேர்க்கும் முன் கோச்சிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஸ்பாரிங் எத்தனை மாதம் கழித்து? தலையில் பலமாக அடிபட்டால் எத்தனை வாரம் ஓய்வு? சின்னப் பையன்களுக்கு எடை குறைக்கச் சொல்வீர்களா? முதல் வாரமே ரிங்கில் இறக்கி அடிவாங்கவிடும் இடமென்றால், அடுத்த நாள் போகாதீர்கள்.

எனக்கு ஒன்றும் தெரியாது. எதில் தொடங்கிப் பார்ப்பது?

2022இன் டெய்லர்–செரானோ முதல் மோதல். ரவுண்டுக்கு இரண்டே நிமிடம், மொத்தம் பத்து ரவுண்டு. இடைவேளைகளையும் சேர்த்து ஏறக்குறைய அரை மணி நேரம்தான். ஐந்தாவது ரவுண்டில் டெய்லர் மூக்கில் ரத்தத்தோடு தள்ளாடுவார், முடிந்தது என்றே தோன்றும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். பத்தாவது ரவுண்டின் கடைசி நொடிகள் வரை பாருங்கள். முடிந்தால் வீட்டில் ஒரு பெண் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.